நூலாசிரியர் என்னும் பெயர்

நூல் ஒன்றனைச் செய்தவர் அதனைத் தம்முடையதென்று கூறுதற்கு உரிமை யாது? அங்ஙனம் கூறுமிடத்து அவர் குறிப்பது உடைமையையோ, பொறுப்பையோ, அடிமையையோ? இவ்வினா இக்காலத்துச் சட்ட நூலார்க்கும் அச்சுக்கூடத்தார்க்கும் மாத்திரம் உரியதென்று பலர் கருதுப. ஆயினும், தமிழ் இலக்கண நூலாரும், திருமுறை அருளிய பெரியோரும், சந்தானாசாரியரும் இதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே தம் நூல்களாலும் தம் ஒழுகலாற்றாலும் விடை கூறிப் போந்தனர். அவ்விடையினை வரலாற்று முறையில் வைத்துக் காண்டல் ஈண்டைக்கு வேண்டுவதாகும்.

முதற்கண் சொல்லை ஆராய்தல் தக்கது. இக்காலத்தே நூல் செய்வாரை எழுத்தாளர் என வழங்குதல் பெருவழக்கு. செய்தித்தாள்களும் திங்களிதழ்களும் பெருகிய இருபதாம் நூற்றாண்டிலே இச்சொல் இப்பொருளில் வேரூன்றியது. முற்காலத்தார் நூல் செய்தலையும் எழுதுதலையும் இருவேறு தொழிலாகக் கொண்டனர். செய்யுள் நெஞ்சிலே தோன்றி நாவிலே வெளிப்படும். அதனை ஓலையிற் பொறிப்பவர் பெரும்பாலும் மாணாக்கரோ ஏடெழுதுவோரோ ஆவர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) செய்யுட்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்ல, மாணாக்கர் உடனிருந்து எழுதிவந்தனர் என்பதை அவர்தம் மாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் விரிவாக எழுதி வைத்துள்ளார்கள். இங்ஙனமாகலின், செய்தவனை ஆக்கியோன் என்றும், கருத்தன் என்றும், நூலாசிரியன் என்றும் முன்னோர் வழங்கினரன்றி எழுதினவன் என்று வழங்கிற்றிலர்.

இவற்றுள் கருத்தன் என்னும் பெயர் பெரிதும் நோக்கற்பாலது. உலகிற்கு நிமித்தகாரணனாகிய முதல்வனைக் கருத்தா என்று சித்தாந்த நூல்கள் கூறும். ஒரு நூலைச் செய்தவனுக்கும் அப்பெயரே வழங்கியது. உயிரின் அறிவும் செயலும் முதல்வன் உபகாரத்தையின்றி நிகழா எனக் கொள்ளும் சைவ சித்தாந்தி, தான் ஒரு நூலுக்குக் கருத்தன் என எங்ஙனம் நாவெடுத்துக் கூறுவன்? இதுவே இவ்வாராய்ச்சியின் முடிச்சாகும்.

இலக்கண நூலார் கொள்கை

தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாக வகுத்தது. வினையினின்று நீங்கி விளங்கிய அறிவினையுடைய முதல்வன் கண்டதே முதனூல் என்பது அவ்வியலின் துணிபு. எனவே, முழுதும் தன்னதாக ஒன்றனைக் காண்டற்குரியவன் வினையின் நீங்கியவன் ஒருவனே. ஏனையோர் யாவரும் வழிச்செல்வோரே யாவர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூல் நால்வகைப்படுமென்றும் அந்நூல் கூறும். மொழிபெயர்ப்பும் நூல் செய்தலின் ஒரு வகையாக இங்கே எண்ணப்பட்டிருத்தல் கருத்திற் கொள்ளத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தே சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், சார்புநூல் என மூன்றாவதொன்றனையும் கூட்டிற்று. முன்னூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாதிருப்பது வழிநூல் என்பது அதன் கருத்து.

நன்னூற் பாயிரம் இன்னும் ஒன்று கூறும். முன்னோருடைய பொருளையேயன்றி அவர் சொற்களையும் பொன்போலப் போற்றுதல் வேண்டுமென்றும், முன்னோரின் வேறாக நூல் செய்யப் புகுந்திலேம் என்பது புலப்படவேண்டுமென்றும் கருதியே பழஞ்சூத்திரங்களைப் பின்னூலார் தம் நூலிற் பெய்துகொள்வர் என்பதே அது. தொல்காப்பியச் சூத்திரங்கள் சில நன்னூலில் அவ்வாறே வந்துள்ளன. இக்காலத்தார் சிலர் இதனைக் களவென்று மயங்குவர். களவாவது உடையவன் அறியாமற் கொண்டு மறைத்து வைப்பது. கற்றார் யாவரும் அறிந்த சூத்திரத்தை அவர் காண வைத்தல் மறைத்தலாகாது, வணங்குதலேயாம்.

இனி, நூலின் பாயிரத்திற் கூறப்படவேண்டிய பொருள்களை எண்ணுமிடத்து, ஆக்கியோன் பெயரை நன்னூல் முதற்கண் நிறுத்திற்று. அதன் பின்னரே வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன வந்தன. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்றென்பாரும் உளர். எனவே, செய்தவன் பெயர் மறைக்கப்படுவதன்று, அறிவிக்கப்படவேண்டியதே. ஆனால், அதனை அறிவிப்பவர் யார்? செய்தவன் தானே அறிவித்தல் தகாது. அவனுடைய ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் இவருள் ஒருவரே சிறப்புப்பாயிரம் செய்தற்குரியர். தொல்காப்பியத்திற்கு உடன்கற்றவராகிய பனம்பாரனார் பாயிரம் செய்தமை யாவரும் அறிந்தது. எல்லாத் துறையிலும் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என விலக்கிய நன்னூல், புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளுதற்கு நான்கே இடங்களை ஒதுக்கிற்று. அவை அரசனவைக்கு ஓலை விடுக்குமிடமும், தன் ஆற்றலை அறியாதாரிடையும், அவையிலே வாதில் வெல்லவேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்த காலமுமாம்.

இவ்விரு விதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் முன்னோர் கருத்து இனிது விளங்கும். பெயர் வேண்டும் என்பது ஒன்று. அதனைப் பிறர் தருதல் வேண்டும் என்பது மற்றொன்று. நூலாசிரியன் என்னும் பெயர் ஒருவன் தன் கையால் எடுத்து அணிந்துகொள்ளும் அணியன்று. அறிந்தோர் அவனுக்கு வழங்கும் சான்றாகும்.

திருமுறைகளிற் பெயர்

அற்றேல், திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் பதிகங்களின் இறுதித் திருப்பாட்டிலே தம் திருப்பெயரையும் தம் பதியாகிய காழியையும் எடுத்தோதியருளியது என்னையெனின், அது தற்புகழ்ச்சியன்று. திருக்கடைக்காப்பு எனப்படும் அப்பாட்டு, பதிகத்தை ஓதுவார் எய்தும் பயனைக் கூறுவது. பயன் உண்டென்று கூறுவோர் அதற்குப் பிணை நிற்றல் வேண்டும். பிள்ளையார் சிலவிடத்து அப்பயனைத் தம் ஆணையாகவே நிறுத்தியருளினர். உலகியலிற் பிணையோலை எழுதுவோன் தன் பெயரை இடாதொழியின் அவ்வோலை செல்லாது. அதுபோலவே பிள்ளையார் திருப்பெயர் ஆண்டு நிற்கின்றதென்க.

திருநாவுக்கரசு சுவாமிகள் பெரும்பாலும் தம் பெயரைப் பதிக இறுதியில் வைத்திலர். அவ்விடத்தே மலையெடுத்த இராவணன் செருக்கழிந்ததும் அருள்பெற்றதுமே கூறப்படுகின்றன. தான் வல்லன் என்று எண்ணினவன் விரல் நுனிக்கு ஆற்றாது நெரிந்து, பின்னர் இசைபாடி உய்ந்த வரலாறு, நூல் செய்வார் யாவர்க்கும் ஏற்ற நினைவூட்டலன்றோ! காரைக்காலம்மையார் தம் பெயரைக் கூறுமிடத்துப் பேய் என்றே தம்மைக் குறித்துக்கொண்டனர்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையின் பதினொரு திருப்பாட்டுக்களிலும் ஆரூரன் என்னும் பெயர் வருகின்றது. வருந்தோறும் அப்பெயரையுடையவர் திருவாரூர்ப் பெருமானுக்கு ஆள் என்பதும் உடன் வருகின்றது. இறுதியிலே தந்தையாராகிய சடையனாரையும் தாயாராகிய இசைஞானியாரையும் சுவாமிகள் மறவாது எடுத்தோதினர். பெயரைச் சொல்லும்பொழுதே தம்மை உடையவன் ஒருவன் உளன் என்பதையும் சொல்லும் முறை இது.

இம்முறையின் வேர் தடுத்தாட்கொண்ட வரலாற்றிலே காணப்படும். மணப்பந்தரிலே முதிய வேதியராய் வந்த இறைவர், நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என வழக்கிட்டு, ஓலை ஒன்றனைக் காட்டினர். நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் சென்றது. கிழித்தது படியோலை, மூலவோலை தம்மிடத்துள்ளது என்று வேதியர் எடுத்துக் காட்ட, அவையத்தார் அதனை வாங்கி, நம்பியாரூரருடைய பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையிலுள்ள அவர் கையெழுத்தோடு ஒப்புநோக்கி, இரண்டும் ஒன்றே எனத் துணிந்தனர். சைவர் வரலாற்றிலே மிக்க பெயர்பெற்ற கையெழுத்து இதுவேயாகும். அஃது ஒரு பொருளை இட்டவனுக்கு உரிமையாக்கிய கையெழுத்தன்று. இட்டவனையும் அவன் வழியினரையும் ஒருவர்க்கு உரிமையாக்கிய கையெழுத்து. அவ்வழக்கில் தோற்ற பின்னரே நம்பியாரூரர் பாடத் தொடங்கினர் என்பதும், முதலடி எடுத்துக் கொடுத்தவரும் வழக்கில் வென்றவரே என்பதும் சிந்திக்கற்பாலன.

மாணிக்கவாசக சுவாமிகள் வரலாறு இதனினும் வியக்கத்தக்கது. தில்லையிலே அந்தணர் ஒருவர் வந்து, சுவாமிகள் அருளிய திருவாசகத்தை அவர் சொல்லத் தம் கையால் எழுதிக்கொண்டு, பின்னர்க் கோவை ஒன்றும் பாடுமாறு வேண்டி அதனையும் எழுதினர். மறுநாள் அவ்வேடு திருச்சிற்றம்பலத்தின் படியிலே காணப்பட்டது. அதன் இறுதியில், சொன்னவர் சுவாமிகள் என்றும் எழுதியவர் அம்பலத்தாடும் பெருமானே என்றும் கைச்சாத்து இடப்பட்டிருந்தது. எல்லா நூற்கும் முதற்கருத்தாவாகிய இறைவன், தன் அடியவர் வாயிலாகத் தானே பாடுவித்தவற்றிற்கும் தான் கருத்தன் என்று கையொப்பமிட்டிலன். எழுதினவன் என்னும் சிறு பெயரை மாத்திரம் ஏற்றனன். இக்காலத்தார் பெருமையாகக் கருதும் எழுத்தாளர் என்னும் பெயர் அன்று இறைவன் தன் எளிமை தோன்ற ஏற்ற பெயராயிற்று. அவ்வேட்டிற்குப் பொருள் யாது என்று தில்லைவாழந்தணர் வினவியபொழுது, சுவாமிகள் தாமே உரை விரித்திலர். அம்பலவாணரைச் சுட்டி இவரே பொருள் எனக் கூறி அருளொளியிற் கலந்தனர்.

திருமுறைகள் மீண்டும் வெளிப்பட்ட வரலாறும் ஈண்டு நினைவு கூரத்தக்கது. உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறுமாறு, தில்லையில் ஓர் அறையினுள்ளே மூவர் கை அடையாளத்தோடு ஏடுகள் இருந்தன. அம்மூவரும் வந்தாலன்றித் திறத்தல் இயலாது என அந்தணர் கூறினர். சோழமன்னன் நம்பியாண்டார் நம்பியோடு கூடி, மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்து, வந்தனர் மூவர் எனக் கூறிக் கதவம் திறப்பித்தான். ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது கண்டு மன்னன் வருந்த, இக்காலத்துக்கு வேண்டுவனவே எஞ்சின என்று அசரீரி எழுந்தது. ஆக்கியோர் வரவேண்டும் என்பதனால் அவர்தம் உரிமை போற்றப்பட்டது. எஞ்சியது எத்துணை என்பது அவர் செயலால் ஆவதன்று என்பதும் உடன் உணர்த்தப்பட்டது.

சந்தானாசாரியரும் முதனூல் வழக்கும்

நம்பியாரூரரை ஓலை காட்டி ஆட்கொண்ட அத்திருவெண்ணெய்நல்லூரிலேதான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளினர். அச்சுதகளப்பாளர் மைந்தராய்ப் பிறந்து சுவேதவனர் என்னும் பிள்ளைப் பெயர் பெற்ற அவர்க்கு, மெய்கண்டார் என்பது பரஞ்சோதி முனிவர் அளித்த பெயராகும். நூலை ஆக்கியோன் பெயரே ஆசிரியன் தந்ததாயின், அந்நூலிலே அவர் தமதென்று கூறுவது யாது?

இவ்வினா பிற்காலத்தே பெருவழக்காயிற்று. சிவஞானபோதச் சூத்திரங்கள் பன்னிரண்டும் இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்திலுள்ள வடமொழிச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பே என்பது, மாபாடியம் அருளிய திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் (மறைவு 1785) முதலியோர் கொள்கை. அவை தமிழிலே முதற்கண் எழுந்தனவே என்பது மறைமலையடிகள் முதலிய இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர் கொள்கை. கிடைத்துள்ள இரௌரவாகம ஏடுகளில் அச்சூத்திரங்கள் காணப்படவில்லை என்பதைப் பின்னையோர் தம் கொள்கைக்குத் துணையாகக் கொள்வர். ஆகம ஏடுகள் பல முழுமையாகக் கிடைத்தில என்பதை முன்னையோர் எடுத்துக் காட்டுவர்.

இருதிறத்தார் வாதத்தினும் ஒரு கருத்து மறைந்து நிற்கின்றது. முதனூலாயின் மெய்கண்டாருக்குப் பெருமை மிகும். மொழிபெயர்ப்பாயின் குறையும் என்பதே அது. பழைய மரபு இதனை உடன்படாது. மொழிபெயர்த்தலும் நூல் செய்தலின் வகையே எனத் தொல்காப்பியம் கூறினமை மேலே காட்டப்பட்டது. அன்றியும், சிவஞானபோதம் என்பது சூத்திரம் பன்னிரண்டு மாத்திரமன்று. அவற்றை 39 அதிகரணங்களாக வகுத்து, மேற்கோளும் ஏதுவும் நிறுத்தி, 81 எடுத்துக்காட்டு வெண்பாக்களால் விளக்கிய முழுவுருவமே அந்நூல். சூத்திரம் எங்கிருந்து வந்ததாயினும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்ஙனம் நிற்கின்றது என்பதற்கு விடை கூறும் பொறுப்பை மெய்கண்டார் ஏற்றனர். அதுவே அவர் ஆசிரியராதற்கு இலக்கணம்.

அவர் வழிவந்தாரும் இந்நெறியே நின்றனர். குலகுருவாகவும் சகலாகம பண்டிதராகவும் விளங்கிய அருணந்தி சிவாசாரியர், வயதில் இளையராகிய மெய்கண்டாரை அடைந்து மாணாக்கராயினர். தம் சிவஞானசித்தியாரை அவர் நூலின் வழிநூலாகவே அமைத்தனர். உமாபதி சிவாசாரியர் தம் சிவப்பிரகாசத்தை அவ்விரண்டற்கும் சார்பாக அமைத்தனர். பழமை பற்றியே ஒன்று நன்றாகாது, புதுமை பற்றியே ஒன்று தீதாகாது என்று அவையடக்கம் கூறியவரும் அவரே. சங்கற்பநிராகரணத்திலே அந்நூல் எழுந்த சகயாண்டையும் (1235, கி. பி. 1313) அவர் குறித்து வைத்தனர். அடங்கியவர் நாணி ஒளிந்தவரல்லர். தாம் நிற்கும் இடமும் காலமும் இவையென ஒளியாது கூறியவரே என்பது இதனால் துணியப்படும்.

திருக்களிற்றுப்படியார் வரலாறும் இதனோடு ஒத்து நிற்கும். அந்நூலைக் கற்றோர் ஏற்றுக்கொள்ளாமையின், அது தில்லைத் திருச்சந்நிதியிலுள்ள களிற்றுப்படியிலே வைக்கப்பட்டதென்றும், கற்களிறு துதிக்கையால் எடுத்து அம்பலவாணர் திருவடியில் வைத்ததென்றும், அதனால் நூலுக்கு அப்பெயர் போந்ததென்றும் கூறுவர். நூற்பெயரே படியால் வந்தது. அதன் ஆசிரியர் பெயரோ திருக்கடவூர் உய்யவந்த தேவநாயனார். திருவுந்தியார் அருளிய அவர்தம் பரமாசாரியரும் திருவியலூர் உய்யவந்த தேவநாயனார். மாணாக்கர் வழியிலும் ஆசிரியர் பெயரே நின்றது. தம்மை வேறு பிரித்துக் காட்டல் வேண்டும் என்னும் ஆசை அங்கே இல்லை. ஊர்ப்பெயர் மாத்திரமே வேற்றுமை காட்டிற்று.

ஏட்டுக் காலமும் அச்சுக் காலமும்

ஏடெழுதுவோரும் தம் பெயரை ஏட்டின் இறுதியிற் குறிப்பதுண்டு. எழுதி முடித்த ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றோடு, பிழையிருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டும் குறிப்பும் பல ஏடுகளிற் காணப்படும். பிழை யாருடையது என்பது தெரிதற்கே அப்பெயர் ஆண்டு உதவிற்று.

உரை திருத்தியவர்களும் இவ்வாறே ஒழுகினர். நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் செய்த விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்திப் புதுக்கினர். திருத்தியவர் மிக்க புலமையுடையவராயினும், முன்னவர் பெயர் அழிக்கப்பட்டிலது. இருவர் பெயரையும் தாங்கியே அவ்வுரை இன்றும் வழங்குகின்றது.

இதற்கு மாறாக, தாம் செய்தவற்றை அகத்தியர் முதலிய பெரியோர் பெயரால் உலவவிட்டாரும் பிற்காலத்தே பலர். இது பணிவு போலத் தோன்றினும் பணிவன்று. தன் சொல்லுக்குத் தான் விடை கூறாது, கூறவியலாத ஒருவர் தலையில் ஏற்றுதலாகும். பிறர் செய்தவற்றைத் தன்னதென்பது ஒரு குற்றமாயின், தான் செய்ததைப் பிறரது என்பதும் குற்றமே. இரண்டிடத்தும் பெயரும் பொறுப்பும் வெவ்வேறிடத்து நிற்கின்றன.

அச்சுக்கூடம் வந்தபின் முகப்பேடு என ஒன்று தோன்றிற்று. முன்னர் ஆசிரியனும் உடன்கற்றவனும் கூறிய பெயரை இப்பொழுது அச்சுக்கோப்போர் பெரிய எழுத்தில் அமைத்தனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவிச் சைவ நூல்களைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கி வெளியிட்ட பொழுதும் அது சேக்கிழார் நூலாகவே நின்றது. நாவலர் என்பதோ திருவாவடுதுறை ஆதீனத்தார் 1849இல் வழங்கிய பட்டம், தாமே புனைந்துகொண்டதன்று. சாமிநாதையரவர்கள் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டபொழுது, பல ஏடுகளையும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் காட்டினார்கள். பொருள் விளங்காத இடத்துத் தம் சொல்லை இட்டு நிரப்புதல் எளிது. அது செய்யாமையே அவர்கள் புகழுக்கு நிலைக்களமாயிற்று. பதிப்பாசிரியர் என்னும் புதுப்பெயர் இங்ஙனம் தன்னை அடக்குதலால் மதிப்புப் பெற்றது.

இராமலிங்க வள்ளலார் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரோடு தொழுவூர் வேலாயுத முதலியாரால் வெளியிடப்பட்டன. அப்பெயர் திருமுறைகட்கே உரியதென நாவலரவர்கள் மறுத்தமையும், அதனால் இருபாலும் கண்டன நூல்கள் எழுந்தமையும் யாவரும் அறிந்தன. அவ்வழக்கின் வன்மை மென்மைகள் ஈண்டு ஆராயற்பாலனவல்ல. ஆயினும் ஒன்று குறிக்கற்பாலது. இராமலிங்கசாமி எனத் தம் பெயரை வழங்குவித்தல் தமக்கு உடன்பாடன்று என்றும், அஃது ஆரவாரத்திற்கு இடமாகத் தோன்றுகின்றதென்றும் வள்ளலார் இறுக்கம் இரத்தின முதலியார்க்குத் திருமுகம் விடுத்துள்ளார். நூற்பெயர் பற்றிப் பிறர் வழக்கிட்டனர். செய்தவரோ தம் பெயரில் ஒரு சொல் மிகுதலையே அஞ்சினர்.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் கடியது. குசேலோபாக்கியானம் என்னும் நூல் வல்லூர்த் தேவராச பிள்ளை இயற்றியதாக வழங்குவது. அது மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடி, மாணாக்கராகிய அவர் பெயரால் வெளிவந்தது என்பதைச் சாமிநாதையரவர்கள், 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகமாக வெளிவந்த தம் ஆசிரியர் சரித்திரத்திலே தெரிவித்துள்ளார்கள். பல்லாயிரம் செய்யுள் பாடிய பிள்ளையவர்களுக்கு ஒரு நூலை ஈந்தமையால் வந்த குறை யாதுமில்லை. அவர் கொடையாளர். வாங்கினவர்க்கோ எனின், கற்றோர் ஒருவர் அந்நூலிலுள்ள அரிய இடத்துக்குப் பொருள் வினவியிருப்பின், விடை கூறுங் கடமை அவரைச் சார்ந்திருக்கும். நூலை ஈதல் இயலும்; அந்நூலுக்கு விடை கூறும் அறிவை அதனோடு ஈதல் இயலாது. மாணாக்கர் வாயிலாக உண்மை பின்னர் வெளிப்பட்டமையும், சிறப்புப்பாயிரம் கூறுதற்குரியவருள் மாணாக்கரை நன்னூல் எண்ணியதன் பொருத்தமும் ஒப்பிட்டு நோக்கத்தக்கன.

அரசியற் சட்டம் இத்துறையிற் புகுந்ததும் இக்காலத்தேயாம். இந்தியாவில் 1847இலும், 1914இலும், 1957இலும் நூலுரிமைச் சட்டங்கள் ஏற்பட்டன. நூல் செய்தவர் வாழ்நாள் முழுதும், அவர் மறைவிற்குப் பின் ஐம்பதாண்டும் உரிமை நிற்குமென 1957ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1992இல் அஃது அறுபதாண்டாயிற்று. புலவர் வறுமையுறாது வாழவும், பிறர் அவர் உழைப்பைக் கவராதிருக்கவும் இச்சட்டம் வேண்டுவதே. ஆயினும், சட்டம் நூலைப் பொருளாகவும் செய்தவரை உடையவராகவும் காண்பது. முன்னோர் நூலைச் சொல்லாகவும் செய்தவரை அதற்கு விடை கூறுபவராகவும் கண்டனர். உடைமை அறுபதாண்டில் நீங்கும். பொறுப்போ நூல் உள்ளளவும் நீங்காது.

முடிபு

தொடக்கத்தே எழுந்த முடிச்சு இனி அவிழும். எல்லாம் அவன் செயலாயின் நூலிற் பெயரிடுதல் செருக்காகாதோ எனின், ஆகாது. சித்தாந்தம் உயிரைச் சடமெனக் கொள்ளவில்லை. உயிர்க்கு இச்சையும் அறிவும் செயலும் உண்டு. அவை முதல்வன் உணர்த்த உணர்ந்தும் இயக்க இயங்கியும் நிற்பன. செய்த வினையின் பயன் செய்த உயிர்க்கே ஆகும் என்பதும் சித்தாந்தமே. ஆகலின், அவன் செயல் என்று கூறித் தன் நூலின் பிழையை இறைவன்பால் ஏற்றுதல் எவர்க்கும் இயலாது. பெயரை மறைத்துப் பிழையினின்று தப்புதலும் ஆகாது.

இனி, நூலின் நன்மை எங்கிருந்து வந்தது என ஆராய்வோர்க்கு, சொல் முன்னோர் தந்ததாகவும், பொருள் ஆசிரியர் உணர்த்தியதாகவும், உணர்தற்குரிய அறிவு திருவருள் விளக்கியதாகவும் காணப்படும். பிழை எங்கிருந்து வந்ததென ஆராயின், அது தன் மலமறைப்பினின்றும் தன் முயற்சிக் குறைவினின்றும் வந்ததாகக் காணப்படும். இவ்விரண்டையும் ஒருங்குணர்ந்தவனே பாயிரத்தில் வணக்கமும் அவையடக்கமும் வைக்கின்றான். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்குமாறு பணித்தது. பணியில் நிற்போன் பெயரற்றவனல்லன். பணியாளரைப் பெயர் சொல்லி அழைப்பதும், கணக்குக் கேட்பதும் தலைவனுக்கு உரியன. அழைக்குங்கால் ஏன் எனக் கேட்டு முன்வருதற்கே அவனுக்குப் பெயர் வேண்டும்.

எனவே, தன்னை நூலாசிரியன் என்று கூறுவோன், இதிலுள்ள சொல்லுக்கு யான் விடை கூறுவேன் என்று கூறுகின்றானன்றி, இஃது என்னுடையது பிறர் தொடற்க என்று கூறுகின்றிலன். அவன் கூறும் விடை கற்றோர் அவையிலே நிற்குமாயின், அப்பெயரை அவர்களே அவனுக்கு உறுதி செய்வர். நில்லாதாயின், முகப்பேட்டில் எத்துணைப் பெரிய எழுத்தாற் பொறிப்பினும் அது நிலைபெறாது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஓலையிலே கண்டது ஓர் அடிமையின் கையெழுத்து. அவ்வடிமைத் திறத்தை உணர்ந்து உடன்பட்டவர் வாக்கே திருமுறையாய், ஆக்கியோர் பெயரோடு இன்றளவும் ஓதப்பட்டு வருகின்றது. நூல் செய்யப் புகுவோர் யாவரும் அவ்வோலையை ஒருமுறை நினைந்து, அதன் பின்னர்த் தம் பெயரை இடுதல் நலம்.

திருச்சிற்றம்பலம்